பற்றவைக்காத சிகரெட்

ஆலையில் அவனுக்கு வைத்த பெயர் கிலோ. வாசலில் லாரி எடைமேடையை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, உள்ளே வரும் கல்லையும் வெளியே போகும் மாவையும் எடை போடுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆளைப் பார்த்தால் உடம்பில் கிள்ளி எடுக்கச் சதை இருக்காது. கல்யாணமான புதிதில் மனைவி அந்தப் பெயரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது அவளே சாப்பாட்டு நேரத்தில் “கிலோ, வாங்க” என்றுதான் கூப்பிடுகிறாள்.

வெள்ளைக்கல்லை அரைத்து மாவாக்குகிற ஆலை அது. அந்த மாவு கண்ணாடிக்குப் போகும், பெயிண்டுக்குப் போகும், டைல்ஸுக்குப் போகும். போகிற இடத்துக்கு நன்றாகப் போகட்டும். ஆனால் போகிற வழியில் அரவைக்கூடத்தில் நிற்கிறவனின் நெஞ்சுக்குள்ளும் கொஞ்சம் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தது எழுந்திருக்காது. இதை அங்கே வேலை செய்கிற எல்லோரும் அறிவார்கள், வாய்விட்டுச் சொல்கிறவர் யாரும் இல்லை.

கிலோவின் அறையில் மாவு அவ்வளவாக வராது. கண்ணாடி ஜன்னல், எண் காட்டும் பெட்டி, ஒரு மின்விசிறி. கதவு இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைத்திருப்பான். அரவைக்கூடத்து ஆட்கள் உடம்பெல்லாம் வெளுத்துப்போய் அந்த ஜன்னலைக் கடக்கும்போது, உள்ளே சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்கிற தன்னை நினைத்து அவனுக்குக் கூசும். அந்த நாற்காலி அவனுக்கு எப்படி வந்தது என்பது அவர்களுக்கும் தெரியும். அது வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அவனுடைய அப்பா அரவைக்கூடத்து ஆள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே டீசல் பீப்பாய்களும் சாக்குக் கட்டுகளும் அடுக்கியிருந்ததால் நெருப்பு ஆகாது. அதனால் சிகரெட் பிடிக்கிறவர்கள் மட்டும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பின்சுவர்ப் பக்கம் போய் ஊதிவிட்டு வரலாம். பிடிக்காதவனுக்கு வெளியே என்ன வேலை? அவன் உள்ளேயே நிற்க வேண்டும். கெட்ட பழக்கம் உள்ளவனுக்குக் காற்று, இல்லாதவனுக்குத் தூசி. இந்த நியாயத்தை யோசித்துக் கண்டுபிடித்த புத்திசாலி யாரென்று தெரியவில்லை, தெரிந்திருந்தால் கையெடுத்துக் கும்பிடலாம்.

அப்பா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு, தனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் மற்றவர்களோடு பின்சுவருக்குப் போனார். கையில் ஒரு சிகரெட், இன்னொரு கையில் தீப்பெட்டி. எல்லோருக்கும் பற்றவைத்துக் கொடுப்பார், தன்னுடையதைப் பற்றவைக்க மாட்டார். புகைக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நின்று நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துவிட்டு, சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு திரும்பிவிடுவார். ஒரே சிகரெட் வாரக்கணக்கில் வரும். உதிர்ந்து வெறும் தாளான பிறகுதான் புதியது வாங்குவார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார். “இன்னிக்கு ரெண்டு தடவை காத்து குடிச்சேன்.” அம்மா திட்டுவாள். “பிடிக்கிறவனாவது காசைக் கரியாக்கறான். நீங்க காசைக் காதுல செருகிட்டுத் திரியறீங்க.” அப்போது கிலோ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த விஷயம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

தினமும் இரண்டு முறை குடித்த காற்று போதவில்லை. அப்பா படுத்தார். படியேற முடியவில்லை, பிறகு நடக்க முடியவில்லை, பிறகு ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் மேனேஜர் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். கிலோ பக்கத்தில்தான் நின்றான்.

“அம்மா, மறைக்காம சொல்றேன். தூசியால வந்ததுன்னு நீங்க சொன்னா அது கேஸு. கேஸு எப்ப முடியும்னு கடவுளுக்குத்தான் தெரியும். சிகரெட்டால வந்ததுன்னா, பாவம் நம்ம ஆளுன்னு கம்பெனி எல்லாத்தையும் பார்த்துக்கும். பையனுக்கும் வெளி வாசல்ல ஒரு வேலை போட்டுத் தரலாம். அவரு சிகரெட் பிடிக்கப் போறதை சூப்பர்வைசர்ல இருந்து எல்லாரும் பார்த்திருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை ஆமான்னு சொன்னா போதும்.”

அம்மா யோசித்ததாகக்கூடத் தெரியவில்லை. உள்ளே போனாள், கிலோவும் பின்னால் போனான். டாக்டர் கேட்டார். “ஆமாங்க, பிடிப்பாரு,” என்றாள். கட்டிலில் கிடந்த அப்பாவுக்கும் அது கேட்டது. டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, அப்பா ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே இரண்டு விரலை வைத்து ஊதுகிற மாதிரி காட்டினார். சிரித்தாரா, மூச்சுத் திணறினாரா என்று கிலோவுக்கு இன்றுவரை தெரியாது.

அப்படித்தான் அந்த நாற்காலி வந்தது. அப்பா போன பிறகு கிலோவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வாசலில் உட்கார்ந்திருந்தாலும் மாவு மாவுதானே, தனக்குள்ளும் கொஞ்சம் போயிருக்குமோ? அதைச் சோதித்துப் பார்க்க ஓட ஆரம்பித்தான். விடிந்ததும் ஓடுவான். மூச்சு ஒழுங்காக வந்தால் அன்றைய பொழுது நல்லபடி போகும். உடம்பை வளர்க்க ஓடுகிறான் என்று தெருவில் நினைத்தார்கள். வளர்க்கிற அளவுக்கு அங்கே உடம்பு எங்கே இருந்தது?

போன வருஷம் ஆலைக்குப் புதிதாக ஒரு நல அதிகாரி வந்தாள். சின்னப் பெண். நல்ல பெண் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாப் பழியையும் அவள் தலையில் கட்டிவிடத் தோன்றும். அவளுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது, ஃபைலில் எழுதியிருந்தது மட்டும்தான் தெரியும். ஒரு நாள் எடையறைக்கு வந்து, ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணா, நீங்க தினமும் ஓடுவீங்களாமே?”

“ஏதோ ஓடுவேன் மேடம்.”

“பெரிய ஆஸ்பத்திரியில நுரையீரல் நோய் ஆராய்ச்சிக்காக மாரத்தான் நடத்தறாங்க. நம்ம கம்பெனிதான் பெரிய தொகை கொடுக்குது. ஓடுறவங்க ஒவ்வொருத்தரும் அந்த நோயில போன ஒருத்தரோட நினைவா ஓடணும். உங்க அப்பாவுக்காக நீங்க ஓடுறீங்களா?”

இத்தனை வருஷத்தில் ஆலைக்காரர்கள் யாரும் கிலோவிடம் ‘உங்க அப்பா’ என்று ஆரம்பித்ததில்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் சரியென்று தலையாட்டிவிட்டான். அந்தப் பணத்தை வைத்து யாரோ ஒரு டாக்டர் என்றைக்காவது மருந்து கண்டுபிடிக்க மாட்டாரா? அதில் அப்பாவின் பங்கு ஒரு சொட்டாவது இருக்காதா? அப்படியெல்லாம் நினைத்தான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான்.

அதற்கப்புறம் வெறித்தனமாகப் பயிற்சி. லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கிண்டல் செய்தார்கள். “கிலோ இனிமே கிலோமீட்டர்டா.” மனைவி ஷூ வாங்கினதற்கு ஒரு வாரம் முறைத்தாள், பிறகு கால் விரல்களுக்கு அவளே பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள். அவன் ஓடிவிட்டு வந்தால் அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு, அவன் மூச்சு வாங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஓட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு பனியன் வந்தது. முன்பக்கம் அப்பாவின் படம். ஆலை அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். அந்தப் படத்தில் அப்பாவின் புருவத்தில் எப்போதும் வெள்ளை மாவு படிந்திருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி: ‘சிகரெட் பறித்த என் அப்பாவுக்காக.’

கிலோ அதைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குப் போனான். “மேடம், படம் மட்டும் போதும். இந்த வரி வேணாமே.”

“ஏன்ணா? இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. அதைப் பார்த்து நாலு பேர் திருந்தினா உங்க அப்பாவுக்குப் பெருமைதானே? முடிவுல மேடையில நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். ஆராய்ச்சி டாக்டருங்க எல்லாரும் வர்றாங்க.” அவள் கண்ணில் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான். பனியனைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

மறுநாள் எடையறைக்கு வந்தவர் பட்டாசு. அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர், கிலோவுக்குச் சித்தப்பா முறை மாதிரி. ஒரு காலத்தில் அவர் சிரித்தால் கூடத்துக்கு வெளியே கேட்கும், அதனால் வந்த பெயர். இப்போது சிரிக்க ஆரம்பித்தாலே இருமலில் போய் முடியும். வாசலிலிருந்து ஜன்னல் வரை நடந்ததற்கே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிலோ எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான்.

“வெளி டாக்டர்கிட்ட காட்டினேன்டா. தூசி மாதிரிதான் இருக்குங்கறாரு. ஆனா நான்தான் சின்ன வயசுல இருந்து ஊதித் தள்ளுறேனே. எதை வச்சுத் தூசின்னு சொல்றதுன்னு கேக்கறாரு. உங்க கூடத்துல புகையே தொடாத யாருக்காவது இதே மாதிரி வந்திருக்கான்னு கேட்டாரு.”

கிலோவுக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி எண் பெட்டியைப் பார்த்தான்.

“அந்தக் கூடத்துல நாங்க எல்லாரும் பிடிப்போம். தொடாதவன் உங்கப்பன் ஒருத்தன்தான். எங்க எல்லாருக்கும் அவன் ஒருத்தன்தான்டா சாட்சி. அந்த மேடையில சொல்லு. எங்கப்பா பிடிச்சதே இல்லைன்னு ஒரே ஒரு வரி. டாக்டருங்க காதுல விழட்டும், மீதியை அவங்க தோண்டிப் பார்ப்பாங்க.”

“வேலை போயிரும் சித்தப்பா.”

“போகும். போகாதுன்னு நான் சொல்லல. உன்கிட்ட கேக்கக் கூடாதுதான். ஆனா கேக்கறதுக்கு வேற ஆளில்லையே.”

வெளியே ஒரு லாரி எடைக்கு வந்து நின்று ஹாரன் அடித்தது. பட்டாசு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். அன்றைய மிச்சப் பொழுது முழுவதும் கிலோ தப்புத் தப்பாக எடை எழுதி டிரைவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா பனியனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி படாமல் ஓரமாகவே தேய்த்தாள்.

“அம்மா, நாளைக்கு நான் மேடையில உண்மையைச் சொல்லப் போறேன். அப்பா பிடிச்சதில்லைன்னு.”

அவள் கை நிற்கவில்லை. “முதல்ல ஓடி முடி,” என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். பெற்றவளை இத்தனை வருஷம் பார்த்தும் அவளைத் தெரிந்துகொள்ளாத மடையன்.

மறுநாள் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முதல் பாதியில் கால் தரையில் படுவதே தெரியவில்லை. சொல்லப் போகிறோம் என்கிற நினைப்பே அவனைத் தூக்கிக்கொண்டு போனது. நாற்காலி போனால் போகட்டும், லாரி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம், மூட்டை தூக்கலாம். சாலையோரத்தில் தண்ணீர் கொடுத்தவர்கள் பனியனைப் படித்துவிட்டு, “அப்பாவுக்காக ஓடுங்க, விடாதீங்க,” என்று கத்தினார்கள். பக்கத்தில் ஒரு ஆள் தன் அம்மாவின் படத்தோடு ஓடிக்கொண்டிருந்தார். அவர் இவனுடைய பனியனை எட்டிப் பார்த்தார்.

“சிகரெட்டா?”

“இல்லைங்க,” என்றான் கிலோ. “தூசி.”

“ஓ,” என்றுவிட்டு அந்த ஆள் வேகமெடுத்து முன்னால் போய்விட்டார். கிலோவுக்குச் சிரிப்பு வந்தது. தன் வாயால் இந்த வார்த்தையை ஒரு வெளியாளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லிப் பார்த்தால் அப்படியொன்றும் கஷ்டமான வார்த்தை இல்லை. வானம் இடிந்து விழவில்லை.

கடைசிப் பகுதியில் உடம்பு மக்கர் பண்ணியது. கெண்டைக்கால் கல்லாக இறுகியது. நின்றான், தேய்த்தான், நொண்டினான், மறுபடி ஓடினான். நினைத்ததைவிட ரொம்பத் தாமதமாகிவிட்டது. ஒரு திருப்பத்தில் திரும்பியதும் தூரத்தில் மைதானமும் பந்தலும் தெரிந்தன, ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

அம்மா.

“...எவ்வளவோ சொல்லிப் பார்த்தேங்க. கேக்கவே மாட்டாரு. ஒளிச்சு வச்சாலும் தேடி எடுத்துருவாரு...”

கிலோ பாய்ந்தான். காலைப் பற்றி இனி என்ன கவலை? அவள் முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் ஏதாவது செய்யலாம், மைக்கை வாங்கிவிடலாம். அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. கால் மடங்கி விழுந்தான். எழுந்தான். ஒலிபெருக்கி விடாமல் துரத்தியது.

“...படுத்த படுக்கையில இருக்கும்போதுகூட ரெண்டு விரலை உதட்டுல வச்சுக் காட்டினாருங்க. ஒண்ணு குடு, ஒண்ணு குடுன்னு...”

அந்த இடத்தில் அம்மாவின் குரல் உடைந்தது. அந்த இரண்டு விரலைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே அவர்கள் இரண்டு பேர்தான். அதையும் எடுத்து விற்றுவிட்டாளே என்று கிலோ ஓடிக்கொண்டே அழுதான்.

அவன் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது அவள் பேசி முடித்துவிட்டிருந்தாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி டாக்டர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நல அதிகாரி அழுதுகொண்டே வந்து அவன் கையைப் பிடித்து மேடையேற்றினாள். “நீங்க வர நேரமாகும் போல இருந்தது. அம்மாவே, நான் பேசறேன்னு கேட்டு வாங்கிப் பேசினாங்க. என்னமா பேசினாங்க தெரியுமா? இப்ப நீங்க சொல்லுங்கண்ணா.”

மைக் கைக்கு வந்தது. கீழே வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டாசு உட்கார்ந்திருந்தார். எதிரே டாக்டர்கள். பக்கத்தில் அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அவனையே பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. சும்மா பார்த்தாள். இப்போது அவன் அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டுமென்றால், இத்தனை பேர் நடுவில் பெற்ற தாயைப் பொய்க்காரி என்று சொல்ல வேண்டும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் முந்திக்கொண்டாள்.

“அம்மா சொன்னதுதான்,” என்றான்.

மறுபடி கைதட்டினார்கள். அவன் வேலிப் பக்கம் பார்த்தபோது பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வேனில் கடைசி வரிசையில் அவர்கள் இரண்டு பேர்தான். அவன் கால்களை எதிர் சீட்டில் நீட்டிக்கொண்டான். பிறகு கேட்டான்.

“அப்பா பிடிக்க மாட்டாருன்னு உனக்கு மறந்தே போச்சா?”

“அவரு வாயில என்ன வாசம் வரும்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?” என்றாள் அம்மா. முன் சீட்டில் இருக்கிறவருக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னாள். “செத்தவருக்கு எந்தப் பேரும் வலிக்காது. நீ அந்தக் கூடத்துக்குள்ள போய் நின்னா எனக்கு வலிக்கும். கம்பெனியைப் பகைச்சுக்கிட்டா உன்னை வேற எங்க நிறுத்துவாங்கன்னு நினைச்ச? ஒருத்தரைத் தூக்கிக் கொடுத்துட்டேன். இன்னொருத்தனைத் தூக்கிக் கொடுக்க எனக்குத் தெம்பில்ல.”

அவன் அவளை வெறுத்தான். அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாமல் இன்னும் அதிகமாக வெறுத்தான். வேன் குலுங்கியபோது அவன் கால் நழுவாமல் அவள் கையால் பிடித்துக்கொண்டாள். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

நொண்டாமல் நடக்க வந்ததும் பட்டாசு வீட்டுக்குப் போனான். மாடி வீடு, குறுகலான படி. மன்னிப்புக் கேட்க ஏதேதோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஏறினான். உள்ளே பட்டாசு கட்டிலில் சாய்ந்திருந்தார், மூக்கின் மேல் முகமூடி. பக்கத்தில் புத்தம் புதிய ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் ஆலையின் முத்திரை ஒட்டியிருந்தது.

சித்தி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். “உக்காருப்பா. உங்க கம்பெனிக்காரங்க நல்லவங்கப்பா. ரெண்டு நாளைக்கு முன்னாடி மேனேஜரே வந்தாரு. ஆஸ்பத்திரி செலவெல்லாம் இனிமே அவங்களே பார்த்துக்கறாங்களாம். இதையும் அன்னிக்கே அனுப்பிட்டாங்க.”

கிலோ பட்டாசைப் பார்த்தான். பட்டாசு இயந்திரத்தைப் பார்த்தார். சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அந்த அறையில் செல்லாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்பா,” என்றாள் சித்தி. “உங்கப்பா புகையைத் தொடவே மாட்டாரு, தொடவே மாட்டாருன்னு இவரு இத்தனை வருஷமா சொல்லிட்டே இருப்பாரு. அன்னிக்கு உங்கம்மா அப்படிப் பேசினாங்களாமே. எதுதான்ப்பா நிஜம்?”

கிலோ வாயைத் திறந்தான். மேடையில்தான் முடியவில்லை, இந்த நாலு சுவருக்குள்ளாவது, இந்த ஒருத்தியிடமாவது சொல்லிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தான். அதற்குள் பட்டாசு முகமூடியை விலக்கினார்.

“பிடிப்பான்,” என்றார். மூச்சு வாங்கி மறுபடி ஆரம்பித்தார். “எங்களைவிட ஜாஸ்தி பிடிப்பான். நான்தான்... ஏதோ நினைப்புல மாத்திச் சொல்லிட்டிருந்தேன்.”

முகமூடியைப் பழையபடி வைத்துக்கொண்டார். அதற்கு மேலே அவருடைய கண்கள் கிலோவை விட்டு அகலவில்லை.

சித்தி கிலோ பக்கம் திரும்பினாள். “அப்படியாப்பா?”

“ஆமா சித்தி,” என்றான் கிலோ.